காதுக்கு மேலே முடி தெரியவில்லை என்றால் காசு தேய்ந்துவிட்டது என்று அர்த்தமா?

வாசகர் கேள்வி: சித்தப்பா விட்டுச்சென்ற காசுப் பெட்டியில் 1892 என்று போட்ட ஓர் அமெரிக்க மார்கன் வெள்ளி டாலர் இருந்தது. பின்பக்கம், கழுகுக்குக் கீழே மாலைக் கட்டின் அடியில் சின்னதாக ‘ஓ’ எழுத்து. பழைய காசு வாங்கி விற்கும் ஒருவரிடம் காட்டினேன். “காதுக்கு மேலே முடியே இல்லை, கழுகு நெஞ்சில் இறகும் இல்லை, நன்றாகப் புழங்கிய காசு, எக்ஸ்எஃப்-40 விலைதான் தருவேன்” என்றார். இன்னொரு சேகரிப்பாளர் அதையே கையில் வாங்கி விளக்கடியில் சாய்த்துப் பார்த்துவிட்டு, “இது புழக்கத்துக்கே போகாத காசு, எம்எஸ்-62” என்றார். ஒரே காசுக்கு இவ்வளவு வித்தியாசம் எப்படி? ஓரமெல்லாம் நீலமும் கறுப்புமாக இருக்கிறது. பற்பசையோ சமையல் சோடாவோ போட்டுத் தேய்த்தால் கிரேடு கூடுமா? சான்றிதழுக்கு அனுப்பலாமா? எடை 26.7 கிராம். நான்கு படங்கள் இணைத்திருக்கிறேன்.

அன்பு நண்பருக்கு,

முதலில் அந்தப் பற்பசையைக் கீழே வையுங்கள். மற்ற கேள்விகளுக்கெல்லாம் நிதானமாகப் பதில் சொல்லலாம், நேரம் இருக்கிறது, ஆனால் இது ஒன்று மட்டும் இன்றைக்கே சொல்ல வேண்டியது. பற்பசையில் பல்லைத் தேய்ப்பதற்காகவே நுண்ணிய சுண்ணாம்புத் தூளோ சிலிக்காவோ கலந்திருக்கும். வெள்ளி பல்லைவிட மிருதுவானது. ஒரு நிமிடம் தேய்த்தால் போதும், நூற்று முப்பது வருடம் தப்பிப் பிழைத்து வந்த மேற்பரப்பு போய்விடும், அப்புறம் எந்தக் கடவுள் வந்தாலும் அதைத் திருப்பித் தர முடியாது. சமையல் சோடாவையும் அலுமினியத் தாளையும் வெந்நீரில் போட்டுச் செய்கிற வித்தையும் அப்படித்தான். கறுப்பு போகும், ஆனால் அந்த இடத்தில் மீளும் வெள்ளி அச்சில் அடிபட்ட பழைய பரப்பாக இருக்காது, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளிறிப்போய் நிற்கும். கழுவியதால் கிரேடு கூடிய வெள்ளிக் காசை இத்தனை வருடத் தொழிலில் நான் பார்த்ததில்லை.

சரி, இப்போது உங்கள் காசுக்கு வருவோம். அந்த எண்களைப் பற்றி ஒரு வார்த்தை: காசின் தரத்தைத்தான் கிரேடு என்கிறோம், 70 வரை எண் போட்டுச் சொல்வார்கள். எக்ஸ்எஃப் என்றால் புழங்கித் தேய்ந்த காசு, ஏயூ என்றால் மேடான இடங்களில் மட்டும் லேசாக உரசிய காசு, எம்எஸ் என்றால் புழக்கத்துக்கே போகாத காசு, அதற்கு 60-க்கு மேல்தான் எண்.

அசலா என்பதை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் போலிக்குக் கிரேடு கிடையாது. மார்கன் டாலரின் எடை 26.73 கிராம், குறுக்களவு 38.1 மில்லிமீட்டர், 90 சதம் வெள்ளி, 10 சதம் செம்பு. உங்கள் 26.7 சரியாகவே இருக்கிறது. காந்தம் ஒட்டக் கூடாது. இன்னும் உறுதி வேண்டுமானால் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் வைத்து அதைத் தராசின் மேல் ஏற்றி, தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, காசை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுதாக மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு ஏறக்குறைய 2.6 கிராம் காட்ட வேண்டும். 26.7-ஐ அதால் வகுத்தால் 10.3 வரும். 90 சத வெள்ளியின் அடர்த்தி அதுதான். அப்புறம் மிருதுவான துணியில் ஒற்றி எடுங்கள், துடைக்க வேண்டாம். படத்தில் எழுத்துகளின் முனை, நட்சத்திரங்கள், விளிம்பின் வரிகள் எல்லாம் கூர்மையாகவே இருக்கின்றன. எனக்குச் சந்தேகம் எழவில்லை. ஆனால் எடை கிரேடைச் சொல்லாது என்பதை நினைவில் வையுங்கள். கொஞ்சம் புழங்கிய காசும் புழங்காத காசும் உங்கள் தராசில் ஒரே எண்ணைத்தான் காட்டும்.

உங்களுக்குச் சொன்ன இருவரும் பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஒருவர் பார்த்தது செதுக்கல் எவ்வளவு மீந்திருக்கிறது என்பதை. மற்றவர் பார்த்தது பரப்பில் ஒளி எப்படி ஓடுகிறது என்பதை. வேறு காசாக இருந்தால் இரண்டும் ஒரே இடத்தில்தான் போய் நின்றிருக்கும். அந்த ‘ஓ’ எழுத்து நியூ ஆர்லியன்ஸ் நாணயச் சாலையின் குறி, ஆக உங்களிடம் இருப்பது 1892 நியூ ஆர்லியன்ஸ் காசு. அங்கேதான் சிக்கல்.

மார்கன் டாலர் 1878 முதல் 1904 வரையும், பிறகு 1921-லும் அடிக்கப்பட்டது. அச்சுகளை எல்லாம் பிலடெல்பியாவில் செய்து மற்ற நாணயச் சாலைகளுக்கு அனுப்பினார்கள். ஆக எல்லா ஊரிலும் முன்பக்கம் ஒரே பெண் முகம், பின்பக்கம் ஒரே கழுகு. ஆனால் அடித்த விதம் ஊருக்கு ஊர் வேறு. சான் பிரான்சிஸ்கோவின் ஆரம்ப வருடக் காசுகளில் முடி இழை இழையாக எழுந்து நிற்கும். நியூ ஆர்லியன்ஸில், அதிலும் 1891, 1892 வருடங்களில், பல காசுகள் அரைகுறையாக அடிபட்டு வெளியே வந்தன. மேல் அச்சுக்கும் கீழ் அச்சுக்கும் நடுவே விட்ட இடைவெளி சற்று அதிகமாக இருந்தால் அழுத்தம் குறையும், அச்சு நீண்ட நாள் உழைக்கும், காசு மட்டும் மொண்ணையாக வரும். இதில் முதலில் அடிவாங்குவது எந்த இடம் தெரியுமா? காசின் நடு மையம். முன்பக்கத்தில் காதுக்கு மேலே உள்ள முடியும் பின்பக்கத்தில் கழுகின் நெஞ்சும் ஏறக்குறைய ஒன்றுக்கு நேர் பின்னால் ஒன்றாக இருக்கின்றன. இரண்டும் அச்சில் ஆழமான குழிகள். வெள்ளித் தகட்டின் நடுவிலிருந்து உலோகம் ஒரே நேரத்தில் மேலேயும் ஏற வேண்டும், கீழேயும் இறங்க வேண்டும். அழுத்தம் போதாவிட்டால் இரண்டு குழியும் நிரம்பாது. அதனால்தான் உங்கள் காசில் இரண்டு இடமும் சேர்ந்து தட்டையாக இருக்கின்றன. முதலாமவர் அதைத் தேய்மானம் என்று எடுத்துக்கொண்டார். பிறக்கும்போதே முடியில்லாமல் பிறந்த காசாகவும் அது இருக்கலாம்.

எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தேய்மானம் ஆள் பார்த்து வராது. பையிலும் கல்லாவிலும் கிடந்து உரசும்போது மேலே தூக்கி நிற்கிற எல்லாமே தேயும். காதுக்கு மேலே உள்ள முடி எக்ஸ்எஃப் அளவுக்குத் தேய்ந்த காசில் நெற்றிக்கு மேலே உள்ள முடி, தொப்பியின் மேல் மடிப்பு, கிரீடத்தில் இருக்கும் பருத்தி இலைகளின் ஓரம், பின்பக்கத்தில் கழுகின் இறக்கை நுனிகள், கால்களின் மேல்பகுதி, நகங்கள் எல்லாவற்றிலும் ஏதோ ஓர் அளவு தேய்மானம் இருந்தே ஆக வேண்டும். உங்கள் முதல் படத்தையும் இரண்டாவது படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். பருத்தி இலைகளின் ஓரம் கூராக இருக்கிறது. இறக்கை நுனியில் இறகுகள் தனித்தனியாக இருக்கின்றன. நகங்கள் வட்டமாக மழுங்கவில்லை. நடுவில் மட்டும் தட்டை, சுற்றிலும் கூர்மை. உரசல் இப்படித் தேய்க்காது.

இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் இருந்தால் காதுக்கு மேலே உள்ள அந்தத் தட்டை இடத்தை மட்டும் நிதானமாகப் பாருங்கள். அச்சின் அடி வரை உலோகம் போய் ஒட்டாத இடத்தில், அடிப்பதற்கு முன்னால் அந்த வெள்ளித் தகட்டில் இருந்த சொரசொரப்பு அப்படியே மிச்சமிருக்கும். குட்டிக் குட்டிக் குழிகள், எந்தத் திசையும் இல்லாத நுண்கீறல்கள், லேசான மணல் போன்ற பரப்பு. நன்றாக அடிபட்டிருந்தால் அந்தக் கீறல்கள் அழுத்தத்தில் நசுங்கி மறைந்திருக்கும். தேய்ந்த இடம் இதற்கு நேர்மாறாக வழுவழுப்பாக இருக்கும், பழைய படிக்கல் மாதிரி, நிறமும் சுற்றியுள்ள இடத்தைவிடக் கொஞ்சம் சாம்பலாக இருக்கும். உங்கள் நான்காவது படம் கிட்டத்தில் எடுத்தது என்றாலும் சற்றுக் கலங்கியிருக்கிறது. எனக்குச் சொரசொரப்பு தெரிகிற மாதிரிதான் படுகிறது, ஆனால் இதை நீங்கள் லூப் வைத்துப் பார்த்துச் சொன்னால்தான் சரி.

இனி ஒளி. கிரேடிங்கில் பாதி இதுதான், புத்தகப் படங்களால் சொல்லித்தர முடியாததும் இதுதான். அச்சு வந்து அழுத்தும்போது வெள்ளி நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் பிதுங்கி ஓடுகிறது. அந்த ஓட்டம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரிகளாக, மையத்திலிருந்து ஆரம் ஆரமாகப் பரப்பில் உறைந்துவிடுகிறது. ஒற்றை விளக்கின் கீழே காசைச் சுழற்றினால் இந்த வரிகளில் பட்டுத் திரும்பும் ஒளி இரண்டு பட்டைகளாக வண்டிச் சக்கரத்தின் ஆரம் போலச் சுற்றி வரும். சேகரிப்பாளர்கள் இதைத்தான் லஸ்டர் என்கிறார்கள். மெருகு போட்ட பாத்திரத்தின் பளபளப்பு வேறு, இது வேறு. பாத்திரத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி மின்னும். லஸ்டர் நகரும்.

அந்த நுண்வரிகள் மிக மெல்லியவை. காசு பத்து கை மாறினாலே மேடான இடங்களில் முதலில் அவைதான் போகும், செதுக்கல் அதற்கப்புறம்தான் தேயத் தொடங்கும். அதனால் புழங்கியதா இல்லையா என்ற கேள்விக்கு முடி இழையை எண்ணிப் பதில் தேடக் கூடாது, ஒளி எங்கே அறுபடுகிறது என்று பார்க்க வேண்டும்.

இப்படிச் செய்யுங்கள். அறையின் டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள், பரவலான வெளிச்சத்தில் எல்லாக் காசும் நன்றாகத்தான் தெரியும். ஒரே ஒரு மேசை விளக்கு, பழைய மாதிரி குண்டு பல்போ, ஒரே புள்ளியிலிருந்து வெளிச்சம் தரும் எல்இடியோ போதும். மேசையில் மடித்த துணி விரித்துக்கொள்ளுங்கள், கை தவறினாலும் காசு துணியில் விழட்டும். காசின் விளிம்பை மட்டும் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து விளக்கிலிருந்து ஒரு முழ தூரத்தில் சாய்த்து மெதுவாகச் சுழற்றுங்கள். முதலில் லூப் வேண்டாம், வெறும் கண். ஒளிப்பட்டை நட்சத்திரங்களைத் தாண்டி, முகத்துக்கு முன்னால் உள்ள வெற்றுத் தளத்தைக் கடந்து, கன்னத்தின் மேலேறி, தாடையில் இறங்கி, கழுத்துக்குப் போகிறதா? கன்னத்தின் உச்சியில் வந்ததும் பட்டை சட்டென்று மங்கி, அந்தப் பக்கம் மறுபடியும் உயிர் பெறுகிறதா? இடையில் அறுபடாமல் ஓடினால் புழங்காத காசு. மேட்டில் மட்டும் அறுபட்டால் ஏயூ. வெற்றுத் தளத்திலேயே ஒளி செத்து, எழுத்துகளின் இடுக்கில் மட்டும் ஒண்டிக்கொண்டிருந்தால் அது எக்ஸ்எஃப். உங்கள் மூன்றாவது படத்தில், ஜன்னலோரம் சாய்த்து எடுத்ததில், வெற்றுத் தளம் முழுக்கப் பட்டை தெளிவாக ஓடுகிறது. எக்ஸ்எஃப்-40 காசால் அப்படி ஓட முடியாது. முதலாமவரின் கணிப்பை இந்த ஒரு படமே தள்ளிவிடுகிறது. (காதுக்கு மேலே உள்ள அந்த மொண்ணை இடத்தில் மட்டும் ஒளி கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும். அச்சு அங்கே முழுதாகத் தொடவில்லை அல்லவா. அதை வைத்துக் குழம்ப வேண்டாம்.)

ஆனால் அதே படத்தில் எனக்கு ஒரு உறுத்தல் இருக்கிறது, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கன்னத்தின் கீழ்ப்பாதியில், வாய்க்கும் தாடைக்கும் நடுவே, ஒரு கட்டை விரல் நுனி அளவுக்கு மங்கலான திட்டு. அது மூன்றில் ஒன்றாக இருக்கலாம். லேசான உரசலாக இருந்தால் காசு ஏயூ-58. யாரோ எப்போதோ தொட்டதில் படிந்த எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் கிரேடுக்குப் பெரிய பாதகமில்லை. பழைய விரல் ரேகை வெள்ளியையே அரித்து உள்ளே இறங்கியிருந்தால் அது நிரந்தரம், ஆனாலும் தேய்மானமாக எண்ண மாட்டார்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நான் ஒரு அருமையான வெள்ளிக் காசின் கன்னத்தைக் கவனமில்லாமல் கட்டை விரலால் ஒரு தடவை தடவிவிட்டேன். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. ஏழெட்டு மாதம் கழித்து உறையைத் திறந்தால் என் விரலின் ரேகை ஒவ்வொரு வளையமாகப் பழுப்பில் எழும்பி நின்றது. இன்றைக்கும் அது அந்தக் காசில் இருக்கிறது, நான் அதை விற்கவில்லை.

பிசுக்கா உரசலா என்று பிரித்தறிய ஒரு வழி உண்டு. சுத்தமான அசிட்டோன். நகப்பூச்சு அகற்றும் திரவம் அல்ல, அதில் நிறமும் மணமும் எண்ணெயும் சேர்த்திருப்பார்கள். கலப்பில்லாத அசிட்டோன் வெள்ளியோடு வினைபுரியாது, டோனிங்கையும், அதாவது ஓரத்தில் ஏறியிருக்கும் அந்த நிறத்தையும், எடுக்காது, எண்ணெயையும் பசையையும் மட்டும் கரைக்கும். கண்ணாடிக் கிண்ணம், ஜன்னல் திறந்த அறை, பக்கத்தில் அடுப்போ தீப்பொறியோ கூடவே கூடாது. சில நிமிடம் மூழ்கவிட்டு, வேறு கிண்ணத்தில் புதிய அசிட்டோனில் ஒருமுறை அலசி, விளிம்பைப் பிடித்துத் தூக்கினால் தானாகவே நொடியில் காய்ந்துவிடும். பஞ்சு, துணி, பிரஷ் எதுவும் தொடக் கூடாது. அதற்கப்புறம் மறுபடி விளக்கடியில் பாருங்கள். திட்டு மறைந்து ஒளி ஓடினால் சந்தோஷம். திட்டு அப்படியே இருந்தால் லூப் வைத்து அதன் நிறத்தையும் ஓரத்தையும் பாருங்கள். ரேகை வளையங்கள் தெரிந்தால் விரல். வளையமே இல்லாமல் சீரான சாம்பல் நிறமாக, கன்னத்தின் ஆக உயர்ந்த இடத்தில் மட்டும் இருந்தால், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள், அது உரசல்.

கன்னத்தில் இருக்கும் வெட்டுகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். நான் ஆறேழு எண்ணினேன். இவை புழக்கத்தில் வந்தவை அல்ல. 1878-இல் வந்த பிளாண்ட்-அலிசன் சட்டப்படி அமெரிக்க அரசு மாதாமாதம் வெள்ளியை வாங்கிக் காசாக அடித்தே தீர வேண்டியிருந்தது, 1890-இல் வந்த ஷெர்மன் சட்டம் கொள்முதலை இன்னும் கூட்டியது. அவ்வளவு கனமான காசை யார் பையில் சுமப்பார்கள்? பெரும்பாலானவை ஆயிரம் ஆயிரமாகத் துணிப் பையில் கட்டி அரசின் காப்பறைகளில் அடுக்கப்பட்டன. ஒரு பை கிட்டத்தட்ட 27 கிலோ. அதைத் தூக்கிப் போடும்போதெல்லாம் உள்ளே ஒரு காசின் விளிம்பு இன்னொரு காசின் கன்னத்தில் இடித்தது. உங்கள் படத்தில் மூக்குக்குப் பக்கத்தில் வரிசையாக நாலைந்து குட்டிக் கோடுகள் இருக்கின்றன பாருங்கள், அது இன்னொரு டாலரின் விளிம்பு வரி பதிந்த தழும்பு. பை அடி என்போம். புழங்காத காசுகளுக்குள் 60-இலிருந்து 70 வரை தரம் பிரிப்பதே பெரும்பாலும் இந்த அடிகளின் எண்ணிக்கையையும் அவை விழுந்த இடத்தையும் வைத்துத்தான். முடிக்குள் ஒளிந்துகொண்ட வெட்டை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மார்கன் டாலரின் கன்னம் வெறிச்சென்று திறந்த இடம், அங்கே ஒரு வெட்டு விழுந்தால் மற்ற இடத்தில் விழும் ஐந்துக்குச் சமம்.

காப்பறை என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 1918-இல் பிட்மன் சட்டத்தின் கீழ் 27 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்களை உருக்கிவிட்டார்கள். எந்த வருடக் காசு எவ்வளவு போனது என்று கணக்கு வைக்கவே இல்லை. 1903 நியூ ஆர்லியன்ஸ் காசு கிட்டத்தட்ட எல்லாம் உருகிப்போயிற்று என்றே வெகுகாலம் நம்பினார்கள், விலையும் எங்கேயோ இருந்தது. 1962-இல் காப்பறையிலிருந்து மூட்டை மூட்டையாக அதே காசு வெளியே வந்தது, விலை தரைக்கு வந்தது. அபூர்வம் என்பது இப்படி ஒரே நாளில் மாறிவிடக்கூடியது. கிரேடு அப்படி மாறாது, காசு தன் மேல் சுமந்து வருவது அது.

இனி அந்த நீலமும் கறுப்பும். காற்றிலும் காகிதத்திலும் அட்டையிலும் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து சில்வர் சல்பைடு படலம் உண்டாகிறது. படலம் மிக மெல்லியதாக இருக்கும்போது பொன்மஞ்சள், தடிக்கத் தடிக்கச் செம்பழுப்பு, ஊதா, அப்புறம் நீலம். தண்ணீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தில் வண்ணம் தெரிகிறதே, அதே கணக்கு. உங்கள் காசில் ஓரத்தில் நீலம், உள்ளே வர வர ஊதா, பிறகு மஞ்சள், நடுவில் வெள்ளை. வரிசை மாறவில்லை. அட்டைப் பெட்டியிலோ காகித உறையிலோ பல வருடம் கிடந்து விளிம்பிலிருந்து மெதுவாக உள்ளே பரவிய இயற்கையான டோனிங் இது. ரசாயனமும் சூடும் வைத்து வண்ணம் ஏற்றினால் இந்த வரிசை வராது, நீலத்துக்குப் பக்கத்திலேயே வெள்ளை திடீரென்று நிற்கும், அல்லது எழுத்தையும் தளத்தையும் பாராமல் சாயம் ஊற்றிய மாதிரி திட்டுத்திட்டாக இருக்கும். இதை விரும்பி வாங்குகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். நானும் ஒருவன். பின்பக்கம் ‘ஓ’ எழுத்துக்குக் கீழே விளிம்பில் மட்டும் நீலத்தையும் தாண்டிக் கருத்திருக்கிறது, அந்த இடத்தில் படலம் வெள்ளியைக் கொஞ்சம் தின்றிருக்கக்கூடும். ஆனால் அது விளிம்பு. விட்டுவிடலாம்.

இந்த டோனிங்கால் இன்னொரு நன்மை. காசை அண்மையில் யாரும் தேய்க்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. தேய்த்த காசில் விளக்கைச் சாய்த்தால் தலைமுடியைவிட மெல்லிய கோடுகள் கூட்டமாக, ஒரே திசையில் அல்லது வட்ட வட்டமாகத் தெரியும், எழுத்துகளின் ஓரத்தில் வந்து நின்றுபோகும், எழுத்தின் இடுக்கில் மட்டும் பழைய அழுக்கு மிச்சமிருக்கும். உங்கள் படங்களில் அப்படி எதுவும் காணவில்லை. எப்போதோ தேய்த்துவிட்டு அதன் மேல் டோனிங் ஏறியிருக்கவும் கூடும், ஆகவே விளக்கடியில் வெற்றுத் தளத்தை ஒருமுறை லூப்பால் அலசிவிடுங்கள்.

ஆக, எண் என்ன? படத்தை வைத்துச் சொல்கிறேன், கையில் வைத்துப் பார்த்ததற்கு இது ஈடாகாது. கன்னத்துத் திட்டு உரசல் என்றால் ஏயூ-58. உரசல் இல்லை என்றால் எம்எஸ்-61 அல்லது 62. 63 கொடுக்கமாட்டேன், கன்னத்தில் வெட்டு அதிகம், நடுவில் அடியும் மொண்ணை. அரைகுறை அடிக்காகப் புழங்காத காசைப் புழங்கியது என்று சொல்லிவிட முடியாது, ஆனால் உயர்ந்த எண்களுக்குப் போகும்போது அது காலைப் பிடித்து இழுக்கும். 1892 ‘ஓ’ காசு 65-இல் அபூர்வமாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஏயூ-58 என்று வந்தால் மனம் தளர வேண்டாம். அந்த எண்ணுக்குள் வருகிற காசில் ஒரு துளி உரசல் இருக்கும், மற்றபடி வெட்டுகள் குறைவாக, ஒளி நிறைவாக இருக்கும், பை அடி வாங்கிச் சொறி பிடித்த எம்எஸ்-60-ஐவிடப் பார்க்க அழகாக இருப்பதும் சகஜம். எண் வரிசையில் மேலே இருப்பதால் மட்டும் ஒரு காசு கண்ணுக்கு இனிதாகிவிடாது. இந்த 70 வரையிலான அளவுகோலே 1949-இல் வில்லியம் ஷெல்டன் என்பவர் பழைய அமெரிக்கச் செம்பு சென்ட்டுகளின் விலையைக் கணக்கிட உண்டாக்கியது, வெள்ளிக் காசுக்குப் பிற்பாடுதான் வந்து ஒட்டிக்கொண்டது.

சான்றிதழ். காசுக்குக் கிரேடு போட்டுச் சான்றிதழ் தரும் அமெரிக்க நிறுவனங்களில் பிசிஜிஎஸ் 1986-லும் என்ஜிசி 1987-லும் தொடங்கியவை, இரண்டையும் சந்தையில் மதிப்பார்கள், இரண்டிலும் ஒருவருக்கு மேற்பட்டவர்கள் தனித்தனியே பார்த்துத்தான் எண் போடுகிறார்கள். இந்த வருடக் காசில் எக்ஸ்எஃப்-க்கும் எம்எஸ்-62-க்கும் விலை பல மடங்கு வித்தியாசப்படும், சாதாரணக் கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரி தெரியும், விற்கிறவரும் வாங்குகிறவரும் சண்டை போடுவதற்கென்றே பிறந்த காசு இது. அதனால் விற்கும் எண்ணம் இருந்தால், விளக்குச் சோதனையில் கன்னம் தேறினால், கட்டாயம் அனுப்புங்கள். கன்னத்தில் உரசல்தான் என்று உறுதியானால் கட்டணமும் தபால் காப்பீடும் போக மிஞ்சுவது குறைவு. சித்தப்பாவின் நினைவாக வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் எந்த எண்ணும் வேண்டாம்.

எப்படியானாலும் அதை இப்போது இருக்கிற மெத்தென்ற பிளாஸ்டிக் உறையிலிருந்து இன்றே வெளியே எடுங்கள், படத்தில் உறை தெரிகிறது. வளைத்தால் வளைகிற, மோந்து பார்த்தால் புது ஷவர் திரை மாதிரி மணக்கிற உறை பிவிசி. வருடங்கள் போகப் போக அதிலிருந்து பச்சைப் பசை கசிந்து வெள்ளியை அரிக்கும். கெட்டியான, பிவிசி இல்லாத வட்டக் கூட்டில் 38.1 மில்லிமீட்டர் அளவு கேட்டு வாங்கிப் போடுங்கள். ரப்பர் பேண்டு பக்கத்தில் கூட வைக்காதீர்கள், அதில் கந்தகம் உண்டு.

அசிட்டோன் குளியல் முடிந்ததும் கன்னத்தை மட்டும் இரண்டு படம் எடுத்து அனுப்புங்கள். ஒளிப்பட்டை கன்னத்துக்கு இடப்பக்கம் இருக்கும்போது ஒன்று, சரியாகக் கன்னத்தின் உச்சியில் நிற்கும்போது ஒன்று. ஃபிளாஷ் வேண்டாம்.